கர்ப்பப்பை ஆபரேஷனுக்குப் பிறகு வலியும் குமட்டலும்: கூட இருப்பவருக்கான முழுமையான வழிகாட்டி

கர்ப்பப்பை எடுப்பது, ஃபைப்ராய்டு கட்டி, சினைப்பைக் கட்டி, அடியிறக்கம், குடும்பக் கட்டுப்பாடு என்று எந்த ஆபரேஷனாக இருந்தாலும், முதல் இரண்டு மூன்று நாள் நோயாளியைப் படுத்துவது வலியும் குமட்டலும்தான். இந்த வழிகாட்டி நோயாளிக்கும் பயன்படும். ஆனால் கையில் மாத்திரைக் கவரோடு கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கப் போகும் மகளுக்கும் மதினிக்கும் அக்காவுக்கும்தான் முக்கியமாக எழுதுகிறேன்.

பெண்கள் வார்டில் செவிலியராக இருந்தபோது தொண்டியிலிருந்து சாயல்குடி வரை இந்த ராமநாதபுரம் கரையின் எல்லா ஊர்க்காரர்களையும் பார்த்திருக்கிறேன். பெரும்பாலான அவதி வரிசை மாறுவதால் வருகிறது. குமட்டல் அடங்குவதற்குள் வெறும் வயிற்றில் மாத்திரை கொடுப்பார்கள். அது வாந்தியாக வெளியே வரும். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்துவார்கள். வலி ஏறும், வலியே மறுபடி குமட்டலைக் கொண்டுவரும். சரியான வரிசை இதுதான்: முதலில் குமட்டல், அடுத்து நீராகாரம், கொஞ்சம் சாப்பாடு, மாத்திரை, அப்புறம் நடை.

உங்கள் மருத்துவர் சொன்னது கீழே உள்ளதிலிருந்து மாறுபட்டால், அவர் சொன்னதையே கேளுங்கள். வெட்டிய இடத்தைப் பார்த்தவர் அவர்.

1. ஆபரேஷனுக்கு முன்பே மயக்க மருத்துவரிடம் சொல்லுங்கள்

வாந்தி யாருக்கு வரும் என்று ஓரளவு முன்பே கணிக்கலாம். மயக்க மருத்துவர்கள் நான்கு விஷயம் பார்ப்பார்கள்: பெண்ணா, புகை பிடிக்காதவரா, பயணத்தில் வாந்தி வருமா அல்லது முந்தைய ஆபரேஷனில் வாந்தி வந்ததா, பிறகு மார்ஃபின் வகை வலி மருந்து தேவைப்படுமா. முழு மயக்கத்தில் நான்கும் இருப்பவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்குக் குமட்டலோ வாந்தியோ வருகிறது. ஒன்றுமே இல்லாதவர்களில் பத்துக்கு ஒருவருக்கு. நம் பெண்களில் பெரும்பாலோர் முதல் இரண்டையும் எடுத்துக்கொண்டே வருகிறார்கள். (இதற்காக யாரும் பீடி பழக வேண்டாம்.)

மூன்றாவதைத்தான் யாரும் சரியாகச் சொல்வதில்லை. "பஸ்ல வாந்தி வருமா?" என்று கேட்டால் "அதெல்லாம் இல்ல சார்" என்பார்கள், ஏதோ குற்றம் கேட்டதுபோல. மதுரை பஸ்ஸில் பரமக்குடி தாண்டுவதற்குள் ஜன்னலோரம் கேட்பவரா, படகில் ஏறினால் தலை சுற்றுகிறவரா என்பதை நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள். தெரிந்தால் ஆபரேஷன் தியேட்டரிலேயே ஒன்றுக்கு இரண்டு வாந்தித் தடுப்பு மருந்து கொடுத்துவிடுவார்கள். வந்தபின் நிறுத்துவதைவிட வருமுன் தடுப்பது எளிது.

கூடவே இவற்றையும் சொல்ல வேண்டும்: வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய், ஆஸ்துமா, வலி மாத்திரை போட்டு முகம் வீங்கியது அல்லது மூச்சு முட்டியது, சர்க்கரை மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை, மனநல மாத்திரை, நாட்டு மருந்து. ஏனென்றால் எந்த வலி மருந்து கொடுக்கலாம் என்பது இதை வைத்துத்தான் முடிவாகும். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கத்தை வயதான அம்மாக்கள் மறைப்பார்கள். அதையும் சொல்லிவிடுங்கள்.

வெறும் வயிறு எத்தனை மணி நேரம் என்பதை நேரமாகவே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். திட உணவை 6 மணி நேரம் முன்பும், வெறும் தண்ணீரை 2 மணி நேரம் முன்பும் நிறுத்துவது பொதுவான கணக்கு. "ராத்திரி பத்துக்கு மேல ஒண்ணும் வேண்டாம்" என்று சொல்லியிருந்தால் அதையே கடைப்பிடியுங்கள். ஆனால் முந்தின நாள் மதியத்திலிருந்தே பட்டினி போடாதீர்கள். உடம்பில் நீர் வற்றிப்போனவருக்குக் குமட்டல் கூடும்.

2. பையில் எடுத்து வைக்க வேண்டியவை

நல்ல குடிநீர் ஒரு கேன். கரையோர ஊர்களில் பல இடங்களில் குழாயில் வருவது உப்புத் தண்ணீர். குமட்டலோடு இருப்பவர் அதை ஒரு வாய்கூடக் குடிக்க மாட்டார். ஓ.ஆர்.எஸ். பொட்டலம், சின்ன டம்ளர், ஸ்பூன், ரஸ்க் அல்லது பொரி, எலுமிச்சை, மூடி போட்ட பிளாஸ்டிக் பேசின், முன்பக்கம் திறக்கும் நைட்டி, சானிட்டரி நாப்கின்.

கெட்டியான தலையணை ஒன்று அவசியம். அது தலைக்கு அல்ல, இருமும்போது வயிற்றில் அணைத்துக்கொள்ள.

ஒரு நோட்டும் பேனாவும். இது இல்லாமல் ஐந்தாம் படி நடக்காது.

3. தியேட்டரிலிருந்து வந்த முதல் சில மணி நேரம்

முதலில் சிஸ்டரிடம் கேட்க வேண்டியது: முதுகில் ஊசி போட்ட மயக்கமா, முழு மயக்கமா? கடைசியாக என்ன வலி மருந்து, எத்தனை மணிக்கு? வாந்திக்கு என்ன கொடுத்தார்கள்? மூன்றையும் நோட்டில் முதல் வரியாக எழுதுங்கள். அடுத்த வேளைக் கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

முழு மயக்கம் கொடுத்தவருக்கு அரைத்தூக்கம் இருக்கும்போது தலையை ஒருபக்கமாகத் திருப்பி வையுங்கள். வாந்தி வந்தால் மூச்சுக்குழாயில் போகாமல் வெளியே வர வேண்டும். நன்றாக விழித்துப் பேசும்வரை வாயில் ஒன்றும் ஊற்றாதீர்கள். உதடு காய்ந்தால் ஈரத் துணியால் துடைத்தால் போதும்.

முதுகு ஊசி போட்டவருக்கு ஒன்றைக் கவனியுங்கள். திடீரென்று குமட்டல், அதோடு வியர்வை, கண் இருட்டுவது என்றால் ரத்த அழுத்தம் இறங்கியிருக்கலாம். எலுமிச்சையை மோந்து பார்க்கச் சொல்லி உட்கார வைக்காதீர்கள். படுத்தபடியே வைத்து உடனே சிஸ்டரைக் கூப்பிடுங்கள். அழுத்தம் ஏறினால் குமட்டல் தானாக நிற்கும்.

பார்க்க வருகிறவர்களைக் கட்டுப்படுத்துவது உங்கள் வேலை. தலை நிறைய மல்லிகை, சட்டையில் அத்தர், கையில் பொரித்த மீன் பொட்டலம் என்று நாலு பேர் கட்டிலைச் சுற்றி நின்றால், அடங்கியிருந்த வாந்தியும் கிளம்பிவிடும். கோபித்துக்கொள்வார்களே என்று பார்க்காதீர்கள். வராந்தாவில் உட்கார வைத்துப் பேசி அனுப்புங்கள்.

4. குமட்டலை முதலில் அடக்குங்கள்

மருந்து கேட்பதற்கு முன், குமட்டல் எதனால் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். காரணத்துக்கு ஏற்பத் தீர்வு மாறும்.

முதல் நாள் என்றால் பெரும்பாலும் மயக்க மருந்து. 24 மணி நேரத்தில் படிப்படியாகக் குறையும். எழுந்து உட்காரும்போது மட்டும் வந்தால், வேகமாக எழுப்பிவிட்டீர்கள் என்று அர்த்தம். ஒரு குறிப்பிட்ட ஊசி அல்லது மாத்திரைக்குப் பின் அரை மணி, ஒரு மணி நேரத்தில் வந்தால் அந்த மருந்தைச் சந்தேகியுங்கள். ட்ரமடால் என்ற வலுவான வலி மருந்து இதில் பேர் போனது. மெட்ரோனிடசோல் என்ற கிருமி மருந்து வாயில் இரும்பு நக்கியது மாதிரி ஒரு சுவையையும் குமட்டலையும் தரும். சாப்பாட்டோடு கொடுத்தால் குறையும். ரத்தசோகைக்கு இரும்புச் சத்து மாத்திரை எழுதியிருந்தால், வயிறு நிலைக்கு வந்தபின் தொடங்கலாமா என்று கேளுங்கள்.

மூன்றாம் நாள், நான்காம் நாளில் புதிதாகக் குமட்டல் வந்தால் மலச்சிக்கலாக இருக்கலாம். வயிறும் உப்பி, வாயுவும் பிரியாமல் இருந்தால் வீட்டு வைத்தியத்தில் நேரம் கடத்தாமல் மருத்துவரிடம் போங்கள்.

மருத்துவமனையில் பெரும்பாலும் கொடுப்பது ஒன்டான்செட்ரான். ஊசியாகவும் மாத்திரையாகவும் வரும். நாக்கில் கரையும் வகையும் உண்டு. அதைக் கொடுத்தும் நிற்கவில்லை என்றால் அதையே உடனே திரும்பக் கேட்பதில் பலன் குறைவு. "வேற வகை மருந்து ஏதாவது இருக்கா சிஸ்டர்?" என்று கேளுங்கள். வெவ்வேறு வகை மருந்துகள் மூளையில் வெவ்வேறு வழியை அடைக்கின்றன. ஒன்டான்செட்ரான் மலத்தைக் கட்டும், சிலருக்குத் தலைவலி தரும். அதனால் குமட்டல் நின்றபிறகும் பழக்கத்துக்குக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

மருந்து வேலை செய்யும்வரை கைவசம் இரண்டு வழி உண்டு. ஊசி போடுமுன் தோலைத் துடைக்கும் சின்ன ஆல்கஹால் பஞ்சுப் பொட்டலத்தைப் பிரித்து மூக்குக்கு அருகே பிடித்து, மூன்று நான்கு முறை மெதுவாக மூக்கால் இழுக்கச் சொல்லுங்கள். கேட்க வேடிக்கையாக இருக்கும், ஆய்வுகளிலும் பலன் தெரிந்த முறை இது. இன்னொன்று மணிக்கட்டில் அழுத்துவது. உள்ளங்கைப் பக்கம் மணிக்கட்டு மடிப்பிலிருந்து நோயாளியின் மூன்று விரல் அகலம் மேலே, இரண்டு தசைநார்க் கயிறுகளுக்கு நடுவில் கட்டை விரலால் சில நிமிடம் அழுத்துங்கள். ஊசி ஏறும் கையை விட்டுவிட்டு மறு கையில் செய்யுங்கள்.

குடிக்கலாம் என்று சிஸ்டர் சொன்னபிறகு, ஐந்து பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ஒன்றிரண்டு ஸ்பூன். டம்ளரை அப்படியே கொடுக்காதீர்கள். தாகத்தில் மடமடவென்று குடித்து, குடித்ததைவிட அதிகமாக வெளியே எடுப்பார்கள். ஒரு மணி நேரம் தங்கினால் அளவைக் கூட்டலாம். சுக்குத் தட்டிப் போட்ட வெந்நீர், நீர்த்த மோர், ஓ.ஆர்.எஸ். எல்லாம் சரி. சுக்குக் கருப்பட்டிக் காபியும் நல்லதுதான். சர்க்கரை நோயாளிக்குக் கருப்பட்டியும் சர்க்கரைதான் என்பதை மட்டும் மறக்காதீர்கள். இளநீரில் பொட்டாசியம் அதிகம், சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்குக் கேட்காமல் வேண்டாம். வாயு பிரியட்டும் என்று சோடா, கலர் வாங்கிக் கொடுப்பதை நிறுத்துங்கள். ஏற்கெனவே உப்பியிருக்கும் வயிற்றில் இன்னும் காற்றைத்தான் ஏற்றுகிறீர்கள்.

5. வலி மாத்திரையை நேரம் பார்த்துக் கொடுங்கள்

பெரிய மருந்து தெரிவதைவிடச் சரியான நேரத்தில் கொடுப்பதே இங்கே முக்கியம். முதல் இரண்டு மூன்று நாள், வலி வந்தபின் கொடுப்பதாக இருந்தால் எப்போதும் பின்தங்கியே இருப்பீர்கள். மாத்திரை வேலை செய்ய அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் வலி ஏறிவிட்டால் அடக்க வலுவான மருந்து வேண்டும், வலுவான மருந்து குமட்டலைக் கொண்டுவரும். பாராசிட்டமாலை வேளை தவறாமல் கொடுத்தால் ட்ரமடால் தேவை குறைகிறது.

சரி, வலிக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இந்தக் கரைப் பெண்களிடம் "வலிக்குதா?" என்று கேட்டுப் பயனில்லை. பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கிற ஒரு அம்மா, முந்தானை நுனியைக் கைக்குள் கசக்கிப் பிடித்துக்கொண்டு, உதடு காய்ந்துபோய், "வலியே இல்லம்மா, நான் பாறையில கால் கிழிஞ்சே வேல பாத்தவ" என்றார். லேசாக இருமுங்கள் என்றேன். வாயைத் திறந்தவருக்கு மூச்சு பாதியிலேயே நின்றுவிட்டது. அதனால் வேறு கேள்வி கேளுங்கள்: இரும முடிகிறதா, ஆழமாக மூச்சு இழுக்க முடிகிறதா, திரும்பிப் படுக்க முடிகிறதா, பாத்ரூம்வரை நடக்க முடிகிறதா? இந்த நான்கும் முடிந்தால் வலி கட்டுக்குள் இருக்கிறது. துளிகூட வலியே இருக்கக் கூடாது என்பது இலக்கு இல்லை.

நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள்: நேரம், மாத்திரையின் பெயர், முன்னால் என்ன சாப்பிட்டார், வாந்தி வந்ததா. பாராசிட்டமால் காலை 6, மதியம் 12, மாலை 6, இரவு 12 என்று எழுதியிருந்தால் அந்த நேரத்தை அப்படியே பிடியுங்கள். 650 மாத்திரை என்றால் ஒரு நாளைக்கு நாலுக்கு மேல், மருத்துவர் சொல்லாமல் கூடாது. ஐம்பது கிலோவுக்குக் கீழே இருப்பவர், ஈரல் நோய் உள்ளவர் என்றால் அளவைத் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடிக்கடி நடக்கும் ஆபத்தான பிழை, ஒரே மருந்தை இரண்டு பெயரில் கொடுப்பது. டோலோவும் கால்பாலும் ஒரே பாராசிட்டமால்தான். டைக்ளோஃபெனாக்கோடு, அசிக்ளோஃபெனாக்கோடு, ட்ரமடாலோடு பாராசிட்டமால் சேர்ந்த கூட்டு மாத்திரைகள் நிறைய உண்டு. வலிக்கு ஒன்று, காய்ச்சலுக்கு ஒன்று என்று தனித்தனியாகக் கொடுத்து அளவு ஏறிவிட்டால் ஈரல் கெடும். அட்டையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் உள்ளதை மெடிக்கல் ஷாப்காரரிடம் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள், வெட்கமே வேண்டாம்.

டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் வகை கர்ப்பப்பை ஆபரேஷன் வலிக்கு நன்றாகக் கேட்கும். ஆனால் இரண்டு நிபந்தனை: சாப்பிட்டபின் கொடுக்க வேண்டும், உடம்பில் நீர் இருக்க வேண்டும். தண்ணீரையும் குறைத்து இந்த மாத்திரையையும் கொடுத்தால் சிறுநீரகம் அடிபடும். சித்திரை வைகாசி வெயிலில் இது இன்னும் கவனம். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய் உள்ளவருக்கு மருத்துவர் எழுதாமல் கொடுக்கவே கூடாது. இந்த வகையில் ஒரு நேரத்தில் ஒன்று மட்டும்.

விழுங்கவே முடியாமல் வாந்தி எடுப்பவருக்கு ஆசனவாயில் வைக்கும் மாத்திரை உண்டு. கூச்சப்பட்டு வேண்டாம் என்பார்கள். வயிற்றைத் தொடாமல் வேலை செய்யும் வழி அது என்று சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

மாத்திரை போட்டு அரை மணி நேரத்துக்குள் வாந்தி வந்து, அதில் மாத்திரையும் தெரிந்தால், இன்னொன்று கொடுக்கலாமா என்று கேளுங்கள். அதற்குப் பிறகு வந்த வாந்தி என்றால் மறுபடி கொடுக்காதீர்கள். மருந்து உள்ளே போயிருக்கும். பக்கத்து வீட்டில் மிஞ்சிய ட்ரமடால் எந்தக் காரணத்துக்கும் வேண்டாம்; தலை சுற்றல், மலச்சிக்கல், வாந்தி எல்லாம் வரும்; மனநல மாத்திரை சாப்பிடுபவருக்கு அதைவிடப் பெரிய சிக்கல்.

நோன்பு மாதமாக இருந்தால் கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்து அம்மாக்கள் நோன்பை விட மனம் வராமல் மாத்திரை வேளையைத் தள்ளுவார்கள். நோயாளிக்கு விலக்கு உண்டு, பிறகு நோற்றுக்கொள்ளலாம். இதை நான் சொல்வதைவிட வீட்டுப் பெரியவர் ஒருவர் சொன்னால் சீக்கிரம் எடுபடும்.

6. எந்த வலி என்று பிரித்துப் பாருங்கள்

தையல் வலி குத்தலாக, அசைந்தால் கூடும். மேலே சொன்ன மாத்திரைகள் இதற்குத்தான்.

துளை போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பிக்குப் பிறகு தோள்பட்டை வலித்தால் பயந்துவிடுவார்கள். வயிற்றை ஊதவைக்கச் செலுத்திய கார்பன் டை ஆக்சைடில் மிச்சம் இருப்பது, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் உள்ள உதரவிதானத்தை உறுத்தும். அந்த நரம்பு தோளிலும் வலியாகத் தெரியும். தட்டையாகப் படுத்தால் குறையும், நடந்தால் சீக்கிரம் போகும், இரண்டு மூன்று நாளில் அடங்கும். தோளில் வெந்நீர்ப் பை வைக்கலாம். மூச்சு முட்டலோ நெஞ்சு வலியோ சேர்ந்து வந்தால் இது அந்தக் கணக்கில்லை, உடனே சொல்லுங்கள்.

வாயு வலி வயிறு முழுக்க ஓடி ஓடிப் பிடிக்கும். மாத்திரையைவிட நடைதான் கேட்கும். கொஞ்சமாக ஓமத் தண்ணீர் கொடுப்பதில் தப்பில்லை.

முதுகு ஊசிக்குப் பின் ஒரு தலைவலி உண்டு. உட்கார்ந்தால் மண்டை பிளக்கும், படுத்தால் குறையும். அசையாமல் படுத்தே கிடந்தால் இது வராது என்பது சரியில்லை. வந்துவிட்டால் படுப்பது ஆறுதல், அவ்வளவுதான். நீராகாரமும் காபியும் கொஞ்சம் உதவும். மயக்க மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், விடாமல் இருந்தால் அதற்குத் தனி சிகிச்சை உண்டு.

அடிவயிறு கனத்து, சிறுநீர் முட்டுகிறது, ஆனால் வரவில்லை என்றால் அது வலி மாத்திரைக்கு அடங்காது. யூரின் டியூபை எடுத்தபிறகு ஆறு மணி நேரமாகியும் போகவில்லை என்றால் சிஸ்டரிடம் சொல்லுங்கள். டியூப் இருக்கும்போதே முட்டினால், டியூப் மடங்கிக் கட்டிலுக்கடியில் மாட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

வெந்நீர் ஒத்தடத்தைத் தையல் மேல் வைக்காதீர்கள். வெட்டிய இடத்தைச் சுற்றித் தோல் மரத்திருக்கும், சுடுவது தெரியாமலே கொப்பளித்துவிடும்.

7. பத்தியம் என்ற பெயரில் தண்ணீரை நிறுத்தாதீர்கள்

"தண்ணி குடிச்சா தையல்ல சீழ் வைக்கும்." இந்த வார்டு வாழ்க்கையில் நான் அதிகம் சண்டை போட்டது இந்த ஒரு வாக்கியத்தோடுதான். குடித்த தண்ணீர் தையலுக்குப் போவதில்லை. நிறுத்தினால் என்ன ஆகும் என்று பாருங்கள்: குமட்டல் கூடும், மலம் இறுகும், இறுகிய மலத்தை முக்கித் தள்ளும்போது தையல் வலிக்கும், சிறுநீரில் எரிச்சல் வரும், டைக்ளோஃபெனாக் போடுபவரின் சிறுநீரகமும் சிரமப்படும். இதய நோய், சிறுநீரக நோய்க்காக மருத்துவரே அளவு சொல்லியிருந்தால் தவிர, சிறுநீர் வெளிர் மஞ்சளாக வரும் அளவுக்குக் குடிக்க வேண்டும். மாமியார்களிடம் வாதாட முடியாவிட்டால் "டாக்டர் வெந்நீர் குடிக்கச் சொன்னார்" என்று சொல்லி ஆற வைத்துக் கொடுங்கள். வெந்நீருக்கு யாரும் தடை சொல்வதில்லை.

சாப்பாடு பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் தொடங்கலாம். குடல் அசைய அதுவும் ஒரு உதவி. முதலில் கஞ்சி, ரசம் சோறு, இட்லி, ரஸ்க். கொஞ்சம் கொஞ்சமாக, பல தடவை. எண்ணெயில் பொரித்தது இரண்டு மூன்று நாள் வேண்டாம், வயிற்றில் நெடுநேரம் தங்கிக் குமட்டும்.

மீனைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். மீன் சாப்பிட்டால் புண் ஆறாது என்பது தவறு. ஆறுவதற்கு வேண்டிய புரதம் அதில்தான் இருக்கிறது. வயிறு ஏற்றதும் முள் குறைந்த மீனைக் காரமில்லாக் குழம்பாகக் கொடுக்கலாம். பிரச்சினை அதன் வாடையில் இருக்கிறது. குழம்பு கொதிக்கும்போது நோயாளியை வேறு பக்கம் உட்கார வையுங்கள், சாப்பாட்டை ஆறிய பின் கொடுங்கள். முதல் வாரம் கருவாடு காயப்போடும் பக்கத்து ஜன்னலைச் சாத்தி வையுங்கள்.

முட்டையும் பருப்பும் ஒன்றும் செய்யாது. மலம் போக வாழைப்பழம், கீரை, இசப்கோல் (தண்ணீர் நிறையக் குடித்தால் மட்டும்). மூன்று நாளாகியும் போகவில்லை என்றால் லாக்டுலோஸ் மாதிரி மருந்து கேளுங்கள். ட்ரமடால் போடுகிறவருக்கு அதுவரை காத்திருக்காமல் முதல் நாளிலேயே கேட்டுவிடலாம்.

8. எழுப்பி நடக்க வையுங்கள்

வலி மாத்திரை போட்டு முக்கால் மணி, ஒரு மணி நேரம் கழித்து எழுப்புங்கள். மருந்து உச்சத்தில் இருக்கும் நேரம் அது. பலர் முதலில் நடக்க வைத்துவிட்டு, வலிக்கிறது என்றதும் மாத்திரை கொடுப்பார்கள். மறுநாள் எழுந்திரு என்றால் நோயாளி கையெடுத்துக் கும்பிடுவார்.

நேராக நிமிர்ந்து எழக் கூடாது. முழங்காலை மடக்கி, ஒருபக்கம் புரண்டு, காலைத் தொங்கவிட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். அப்போது வயிற்றுத் தசை இழுபடாது. கட்டில் ஓரத்தில் இரண்டு நிமிடம் உட்கார வையுங்கள். தலை சுற்றல் இல்லை என்றால் நிற்கலாம். இரும, தும்ம, சிரிக்கத் தலையணையை வயிற்றோடு அணைக்கச் சொல்லுங்கள்.

நடந்தால் வாயு பிரியும், காலில் ரத்தம் உறைவதும் நெஞ்சில் சளி கட்டுவதும் குறையும். முதல் நாள் பாத்ரூம்வரை போதும்.

9. வீட்டுக்குப் போகும் பயணம்

ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போக ஐம்பது கிலோமீட்டருக்கு மேல், மதுரையில் ஆபரேஷன் என்றால் இன்னும் நூற்றுச் சொச்சம். அடங்கியிருந்த குமட்டல் திரும்பக் கிளம்புவது இந்தப் பயணத்தில்தான்.

இங்கே பலருக்குத் தெரியாத ஒன்று: மருத்துவமனையில் நன்றாக வேலை செய்த ஒன்டான்செட்ரான் பயண வாந்திக்கு அவ்வளவாக உதவாது. அதற்கான மாத்திரை வேறு வகை. பஸ் வாந்தி உள்ளவர் என்றால் டிஸ்சார்ஜ் ஆகும்போதே சொல்லி எழுதி வாங்குங்கள். அந்த வகை தூக்கம் தரும், ட்ரமடாலோடு சேர்ந்தால் இன்னும் அதிகமாக. இரண்டும் உண்டு என்றால் எதை எப்போது என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

கிளம்ப ஒரு மணி நேரம் முன்பு இரண்டு இட்லி, பிறகு வலி மாத்திரை. காரில் முன் சீட்டு, ஜன்னல் திறந்து, பார்வை தூரத்தில். சீட் பெல்ட்டுக்கும் வயிற்றுக்கும் நடுவே அந்தத் தலையணை. மணிக்கு ஒரு முறை நிறுத்தி இறக்கி நாலு எட்டு நடக்க விடுங்கள். கடைசித் தூரத்துக்கு மீன் கூடை ஏறும் ஷேர் ஆட்டோவைத் தவிருங்கள். நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க வேண்டிய நாள் இல்லை அது.

10. வீட்டில்

மாத்திரையைக் குறைப்பதற்கும் வரிசை உண்டு. முதலில் ட்ரமடாலை விடுங்கள், அடுத்து டைக்ளோஃபெனாக், கடைசியாகப் பாராசிட்டமால். குமட்டலும் மலச்சிக்கலும் தருவது முதலில் போக வேண்டும். கிருமி மருந்தை மட்டும் எழுதிய நாள் முடியும்வரை நிறுத்தக் கூடாது.

கர்ப்பப்பை எடுத்தவர் ஆறு வாரத்துக்குத் தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது. லாரித் தண்ணீர் வரும் நாளில் யார் பிடித்து வைப்பது என்று ஆபரேஷனுக்கு முன்பே வீட்டில் முடிவாக வேண்டும். இல்லாவிட்டால் பத்தாம் நாள் அவரேதான் குடத்தோடு நிற்பார், அன்று இரவு வலி என்று எழுந்து உட்காருவார். பாசி எடுக்கக் கடலில் இறங்குவது, அக்னி தீர்த்த நேர்த்தி, குளத்துக் குளியல் எல்லாம் மருத்துவர் பார்த்து உள்தையல் ஆறிவிட்டது என்று சொன்னபிறகு. மேலே தண்ணீர் ஊற்றிக் குளிப்பது எப்போது என்று டிஸ்சார்ஜ் அன்றே கேளுங்கள்.

11. எப்போது உடனே திரும்பிப் போக வேண்டும்

கீழே உள்ளதில் ஒன்று இருந்தாலும் மறு வேளை மாத்திரைக்குக் காத்திருக்காதீர்கள்.

காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல். தண்ணீர்கூடத் தங்காத வாந்தி. வயிறு உப்பி வாயு பிரியாமை. மாத்திரை போட்டும் நாளுக்கு நாள் கூடும் வலி. ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுக்க நனையும் ரத்தப்போக்கு. நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், தையலில் சீழ் அல்லது சிவந்த வீக்கம். சிறுநீர் வராமை, அல்லது அறியாமல் பிறப்புறுப்பு வழியாகக் கசிவது. ஒரு கால் மட்டும் கெண்டைச்சதையில் வலித்து வீங்குவது. மூச்சு முட்டல், நெஞ்சு வலி, மயக்கம்.

மூச்சு முட்டல், நெஞ்சு வலி, மயக்கம், அதிக ரத்தப்போக்கு என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். மற்றவற்றுக்கும் விடியட்டும் என்று இருக்காதீர்கள். போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரி, மாத்திரை அட்டைகள், அந்த நோட்டு மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியாக எப்போது என்ன கொடுத்தீர்கள் என்பதைத்தான் டியூட்டி டாக்டர் முதலில் கேட்பார். வழியில் கடை பார்த்து எதுவும் வாங்கிக் கொடுக்காதீர்கள். மறுபடி தியேட்டருக்குப் போக வேண்டி வந்தால் வயிறு காலியாக இருக்க வேண்டும்.